நால்வகைக் குரலைப் பழக்கும் வழி: செவியா, ஐங்கோடா, சுரமா?

ஐப்பசி மழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் மாலை வேளைகளில் கீபோட்டின் ஒலி கேட்கத் தொடங்கிவிடும். மார்கழியில் வரும் ஒளிவிழாக்களுக்கும் கரோல் ஆராதனைகளுக்கும் பாடகர் குழாங்கள் ஆயத்தமாகும் காலம் அது. நெறியாளராக நிற்பவர் யாராயினும் முதல் ஒத்திகையிலேயே அவர் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: சொப்ரானோ (பெண்களின் மேற்குரல்), அல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேற்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) ஆகிய நான்கு குரல்களுக்கும் அவரவர் பகுதியை எந்த வழியில் பழக்குவது? கைபேசியில் குரற்பதிவு அனுப்பிச் செவிவழியாகப் பழக்கலாம். ஐந்து கோடுகளில் எழுதப்படும் மேலைத்தேயச் சுரக்குறிப்பை வாசிக்கக் கற்பிக்கலாம். ச ரி க ம என்று தமிழ் எழுத்திலேயே ஒவ்வொரு குரலையும் எழுதிக் கொடுக்கவும் செய்யலாம். முதலாவது வழி இன்று பெரும்பாலும் யோசனையின்றியே தெரிவு செய்யப்படுகிறது. இரண்டாவது வழி மரியாதையோடு புகழப்பட்டுக் கைவிடப்படுகிறது. மூன்றாவது வழியை வழியென்றே பலர் எண்ணுவதில்லை. இம்மூன்றையும் ஒரு குறிப்பிட்ட வகைக் குழாத்தை மனத்தில் வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்: ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ முப்பது பேர், வாரத்தில் இரண்டு ஒத்திகை, ஐங்கோட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருவரோ மூவரோ, பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் பாதிக்கு மேல்.

யாழ்ப்பாணத்துப் பாடகரின் காதுக்கு இரண்டு வளர்ப்புத் தாய்மார் உண்டு. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையில் பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. நான்கு குரலில் பாடும் ஆங்கிலேய, அமெரிக்க ஞானப்பாட்டு மரபு இத்தகைய நிறுவனங்களின் வழியாக இங்கு வேரூன்றியது. அதே ஆலயங்களில், தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த, இராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனை மரபும் நிலைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம் தாய்மொழிக்கும் அந்தந்த நாட்டு இசைக்கும் கதவைத் திறந்தது. பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் சாதாரண தரத்துப் பாடமாக இருக்கிறது. 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தோற்றி வருகிறார்கள். ஆகவே நமது குழாத்துச் சராசரிப் பாடகருக்குச் சுரங்கள் வாயில் இருக்கின்றன. ஐந்து கோடுகள் கண்ணில் இல்லை. மூன்று வழிகளையும் எடைபோடும்போது இந்த ஒன்றை மறக்கலாகாது.

செவிவழியை முதலில் எடுத்துக்கொள்வோம். கீபோட் வாசிப்பவர் நான்கு குரல்களையும் தனித்தனியே பாடியோ வாசித்தோ பதிவுசெய்து வட்ஸ்அப் குழுவில் இடுகிறார். அல்டோக்காரி பேருந்தில் போகும்போது தன் பகுதியைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போகிறார். இரண்டாம் ஒத்திகையில் ராகம் பிடிபட்டுவிடுகிறது. இந்த வேகத்தை ஏளனம் செய்யக்கூடாது. குருமுகமாகக் கேட்டுப் பாடுவதே நமது சங்கீதத்தின் அடிப்படை என்பதால், கேட்டுப் பாடுகிறவரைத் தரம் குறைந்தவராகக் கருதுவதற்கு நமக்கு உரிமை இல்லை. ழகர ளகர உச்சரிப்பையும் சொல் பிரியும் இடத்தையும் பதிவு கற்பிப்பதுபோல எந்தக் காகிதமும் கற்பிக்காது.

ஆனால் குருவும் பதிவும் ஒன்றல்ல. குரு பிழையைக் கேட்டுத் திருத்துவார். பதிவு தன் பிழையையும் சேர்த்துக் கற்பிக்கும். பதிவு செய்தவர் மூச்சு வாங்கிய இடத்திலேயே எட்டுப் பேரும் மூச்சு வாங்குவதையும், அவர் தடுமாறிப் பாதிச் சுரம் தாழ்த்திப் பாடிய இடத்தில் எட்டுப் பேரும் பக்தியோடு தாழ்ந்து பாடுவதையும் நான் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய குறை வேறொன்று. தன் குரலை மட்டும் தனியாகக் கேட்டு மனனம் செய்தவருக்கு, பக்கத்தில் டெனர் பாடத் தொடங்கியதும் அது இடையூறாகவே படுகிறது. காதைப் பொத்திக்கொண்டு தன் வரியைக் காப்பாற்றுகிறார். சேர்ந்திசையின் சாரமே மற்றவரைக் கேட்டுத் தன்னைப் பொருத்துவதாக இருக்க, இந்த முறை கேளாமையைப் பயிற்றுவிக்கிறது.

நெறியாளரின் நிலை இன்னும் பரிதாபமானது. பதிவின் காலப்பிரமாணம் உறைந்துபோன ஒன்று. நூறு முறை அதே வேகத்தில் கேட்டவர்கள், இறுதி அடிக்கு முன்னர் சற்றே தாமதிக்கும்படி கை சைகை காட்டினாலும் பார்ப்பதில்லை. அவர்களுக்குள் ஓடும் பதிவையே பின்பற்றுகிறார்கள். இசைத்தட்டைப் பின்னணியாக ஓடவிட்டுப் பாடும் ஆலயங்களில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே குழாத்தை நடத்துவது இயந்திரம், முன்னால் நின்று கையசைப்பவர் அதற்குத் தாளம் போடுகிறார். 2022 இன் நீண்ட மின்வெட்டு நாட்களில் இயந்திரத்தையே நம்பிய குழாம் எவ்வளவு நிர்க்கதியானது என்பதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மூன்று நல்ல குரல்கள் பல்கலைக்கழகத்துக்கோ, கொழும்புக்கோ, கடல் கடந்தோ போய்விடுகின்றன. செவியில் மட்டும் இருந்த அல்டோ வரி அவருடனேயே விமானம் ஏறிவிடும். அடுத்த ஐப்பசியில் அதே பாடலை முதலிலிருந்து தொடங்கவேண்டும். எழுத்தில் இருப்பது பேழையிலாவது மிஞ்சும்.

ஐங்கோட்டுச் சுரக்குறிப்பு பிறந்ததற்கும் ஏறத்தாழ இதே கவலைதான் காரணம். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் குவிதோ என்ற துறவி, பாடகர்கள் ஆயுளின் பெரும்பகுதியை மனனத்தில் செலவிடுவதைக் கண்டு, கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். பத்தாண்டில் கற்றதை ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில், கற்பிக்கலாம் என்று எழுதினார். அவர் முறையின் வலிமை இன்றும் குறையவில்லை. நான்கு குரல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் தெரிவதால், எந்த இடத்தில் யார் யாரோடு சேர்கிறார், யார் யாரை உரசுகிறார் என்பதை நெறியாளர் பாடத் தொடங்குமுன்பே கண்ணால் கேட்டுவிடலாம். 1998 முதல் இணையத்தில் வளர்ந்துவரும் பொதுவுடைமைச் சேர்ந்திசை நூலகத்தில் ஆயிரக்கணக்கான படைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் நாமே எழுதி, கேட்டுப்பார்த்து, அச்சிடவும் முடிகிறது. (இங்கே ஓர் எச்சரிக்கை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோன் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பழைய ஞானப்பாட்டு உரிமையற்றதாக இருந்தாலும், அதற்கு இன்று ஒருவர் செய்த நான்குகுரல் அமைப்பு உரிமையுள்ளதாக இருக்கலாம். ஆலயத்துக்குத்தானே என்று முப்பது போட்டோப் பிரதி எடுப்பது அந்த உரிமையை இல்லாமலாக்காது.)

இவ்வளவு சிறப்பு இருந்தும், நான் சொன்ன குழாத்துக்கு இதை முதல் வழியாகப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. ஐங்கோட்டைப் பார்த்தவுடன் பாடும் திறன் ஒரு கரோல் பருவத்தில் வருவதன்று. வாரம் இரண்டு ஒத்திகையில், அதுவும் பாடலையும் தயாரித்துக்கொண்டு, வேலை முடிந்து களைத்து வரும் ஐம்பது வயதுக்காரருக்கு இதைக் கற்பித்தால், அவர் தலையசைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துப் பாடுவார். கையில் காகிதம் இருக்கும், கற்றல் செவிவழியாகவே நடக்கும். ஐங்கோட்டுத் தாள் வழங்கப்படும் பல குழாங்களின் உண்மை நிலை இதுதான். தாளில் பாடல் வரிகளை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருப்பார்கள்.

கீர்த்தனைக்கு வரும்போது வேறொரு இடர் எழுகிறது. சின்னசாமி முதலியார் 1890களில் சென்னையில் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் பதிப்பித்த பெருமுயற்சி வரலாற்றில் இருக்கிறது. ஆயினும் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அழகை, புள்ளிகளாகப் பிரித்து ஐங்கோட்டில் ஏற்றினால் தாள் கறுத்துப்போகிறது, ஏற்றாவிட்டால் இராகம் வெளுத்துப்போகிறது. ஞானப்பாட்டுக்கு ஒரு குறிப்பும் கீர்த்தனைக்கு இன்னொரு வழியுமாக ஒரே குழாம் இரண்டு கல்வியைச் சுமக்கவேண்டி வரும்.

மூன்றாவது வழிக்கு உலக அனுபவம் உண்டு என்பது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நொரிச் நகர ஆசிரியை சாரா குளோவர் ஆக்கி, ஜோன் கேர்வின் என்ற போதகர் விரித்துப் பரப்பிய ‘டொனிக் சொல்ஃபா’ முறையில் கோடுகளே இல்லை. சுரப்பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாக எழுதிப் பாடுவார்கள். ஆதார சுரம் எந்தச் சுருதியிலும் அமையலாம். மிஷனரிமாருடன் அது தென்னாபிரிக்கா, மடகஸ்கார், பீஜி, மிசோரம் என்று பரவியது. இன்று சேர்ந்திசைக்குப் பேர்போன பல சமூகங்கள் ஐங்கோட்டை அறியாமலே இந்த எழுத்துகளைக் கொண்டு நான்கு குரலில் பாடப் பழகியவை. தென்னாபிரிக்கத் தேசிய கீதத்தின் முதற்பகுதியாக இன்று விளங்கும் பாடலை 1897 இல் இயற்றிய ஈனொக் சொன்டோங்கா அதை இந்த முறையிலேயே எழுதினார். ஹங்கேரியில் கோடாய் என்ற இசையமைப்பாளர் தமது இசைக்கல்விக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டதும் இதே நகரும் ஆதார சுரத்தைத்தான். கேர்வின் அரும்பாடுபட்டுப் புகுத்திய அந்தக் கருத்து, ‘உங்கள் ச எத்தனை கட்டை?’ என்று, அதாவது உங்கள் ஆதார சுருதி எந்த உயரத்தில் என்று, சாதாரணமாகக் கேட்கும் நமக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. அதைக் கேர்வினிடமிருந்து இரவல் வாங்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஆனாலும் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

தமிழ் எழுத்து இந்த வேலைக்கு ஆச்சரியமாகப் பொருந்துகிறது. ச என்றால் ஒரு மாத்திரை, சா என்றால் இரண்டு, ரி, ரீ, நி, நீ. குறிலும் நெடிலுமே கால அளவைச் சொல்லிவிடுகின்றன. மேலும் நீளும் இடத்துக்குக் காற்புள்ளி போதும். நான்கு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஹார்மனியும் கண்ணுக்குத் தெரியும்: பேஸ் ச, டெனர் ப, அல்டோ க, சொப்ரானோ மேல் ச என்று அடுக்கப்பட்டிருக்கும்போது, அல்டோவுக்குத் தான் காந்தாரத்தை (க) தாங்குவது தெரிகிறது. அந்தத் தெரிதல் மிகப் பெறுமதியானது. ஏனெனில் கீபோட்டின் காந்தாரம், தம்புராவுக்கு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரத்தைவிட, அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஏறத்தாழ 14 பங்கு கூடியது. கீபோட்டை நிறுத்திவிட்டுத் தம்புராச் சுருதியில் அதே அடுக்கைப் பாடச்சொன்னால், கர்நாடகக் காதுள்ள அல்டோ தானாகவே அந்த இடத்துக்கு இறங்குவார். மண்டபம் ஒரு கணம் மணிபோல் ஒலிக்கும். வாத்தியமின்றிப் பாடும் குழாங்கள் எங்கும் தேடி உழைக்கும் ஒலி அது.

இனி இதன் பொறிகள். முதலாவது பொறியில் நாமே விழுந்து எழுந்திருக்கிறோம். சரளி வரிசை என்னும் தொடக்கப் பாடத்தை நாம் மாயாமாளவகௌளை இராகத்தில் கற்கிறோம். ஆகவே ‘ரி’ என்று எழுதினால் பாதிப் பேரின் வாயில் சுத்த ரிஷபமே (தாழ்ந்த ரி) வரும், ‘த’ என்றால் சுத்த தைவதமே (தாழ்ந்த த) வரும். மேலைத்தேயப் பெருஞ்சுர (மேஜர்) அளவுகோல் நமது சங்கராபரண இராகம். அங்கே வருபவை ஒரு படி உயர்ந்த ரி2, த2. எனவே எந்தப் பாடலையும் தொடுமுன் இரண்டு வாரமாவது சரளி வரிசையையும் அலங்காரத்தையும் சங்கராபரணத்தில், கமகமின்றி, நிறுத்திப் பாடப் பழக்கவேண்டும். கமகமின்றி என்பது இங்கே கட்டாயம். தனியே பாடும்போது அழகாக அசையும் நிஷாதம், மூன்று குரல்கள் அசையாமல் நிற்கும்போது அசைந்தால் அடுக்கே கலைந்துவிடும்.

இரண்டாவது, சோகச் சாயலுள்ள சிறுசுர (மைனர்) அளவுகோல். கேர்வின், கோடாய் மரபில் அதன் ஆதார சுரத்தை ‘ல’, அதாவது நமது தைவதம், என்று கொள்வார்கள். சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக்கிக் கிரகபேதம் (ஆதார சுரத்தை இடம் மாற்றுதல்) செய்தால் நடபைரவி இராகம் வரும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் தருக்கம் விளங்கும். ஆனாலும் நமது குழாத்துக்கு நேரே ச-வை ஆதாரமாக வைத்து நடபைரவி என்றும், ஏழாம் சுரம் உயரும் இடங்களில் கீரவாணி என்றும் எழுதுவதே நல்லது. தைவத ஆதாரத்தில் அந்த உயர்ந்த சுரம் பஞ்சமத்தைக் கூட்டியதாகிவிடும். பஞ்சமத்துக்கு வேறுபாடே இல்லை என்று படித்தவரிடம் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ச-வை ஆதாரமாக்கினால் தாழ்ந்தது நி2, உயர்ந்தது நி3 என்று முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, பாடலின் நடுவே சுருதி நகர்வது. இரண்டு கட்டையில் தொடங்கிய பாடல் ஆறு கட்டைக்கு நகரும்போது பழைய ப புதிய ச ஆகிறது. பழைய ம2 (உயர்ந்த ம) புதிய நி. அந்த இடத்தில் ஒரே சுரத்துக்கு இரண்டு பெயரையும் அருகருகே எழுதிப் பாலம் கட்டவேண்டும். சிறிய நகர்வுகளுக்கு இது போதும். பக்கத்துக்குப் பக்கம் சுருதி மாறும் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றைப் பாட விரும்பும் குழாம் ஐங்கோட்டுக்கே போகவேண்டும்.

எழுத்திலும் ஒரு சிறு தொல்லை உண்டு. மேல் ஸ்தாயிக்கு மரபாக எழுத்தின் மேல் புள்ளி வைப்போம். தமிழில் மேற்புள்ளி மெய்யெழுத்துக்கும் உரியது. ச-வின் மேல் புள்ளி வைத்தால் அது ச் என்றாகிக் கணினியும் குழம்பும், பாடகரும் குழம்புவார். புள்ளிக்குப் பதிலாக எழுத்தின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ ஒரு சிறு கோடு இடுவது சிக்கலைத் தீர்க்கிறது.

நெறியாளரின் கைக்கும் இந்த வழிக்கும் தொடர்பு இருக்கிறது. கர்நாடகப் பாடகர் தாளத்தைத் தம் தொடையிலேயே வைத்திருப்பவர். முப்பது பேர் முப்பது தாளம் போட்டால் நெறியாளரை யாரும் பார்க்கத் தேவையில்லை. ஆகவே சுரத்தாள் கொடுக்கும் நாளிலேயே, தாளம் இனி ஒருவர் கையில் மட்டும் என்று சொல்லிவிடவேண்டும். நான்கு எண்ணிக்கையில் முதலாவது கீழே, இரண்டாவது உள்ளே, மூன்றாவது வெளியே, நான்காவது மேலே என்ற கைவழியைத் தட்டு, வீச்சு என்று பழகியவர்கள் ஒரே மாலையில் புரிந்துகொள்வார்கள். பாடல் தாளத்துக்கு முன்னரே எழும்பும் இடங்களை அதீத எடுப்பு என்று சொன்னால் விளக்கம் அங்கேயே முடிந்துவிடும். அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டியது, முதற் சுரத்துக்கு முந்திய எண்ணிக்கையில் நெறியாளர் எடுக்கும் மூச்சு. அந்த மூச்சின் வேகமே பாட்டின் வேகம். அதன் அளவே ஒலியின் அளவு. பதிவில் இந்த மூச்சு இல்லை.

சுருதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்கள் ஒரு கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையிலும் பழகியிருப்பதால், ஒரே குரலில் சேர்ந்து பாடும்போது ஒருசாரார் கத்தவும் மறுசாரார் முனகவும் நேர்கிறது. நான்கு குரல் அமைப்பு இந்தப் பழைய தொல்லைக்கு ஒரு விடை. சுரத்தாளில் ச எங்கும் அமையலாம் என்பதால், சொப்ரானோக்களுக்குத் தடிமன் பிடித்த ஒரு மார்கழி மாலையில் அரைக் கட்டை இறக்குவதற்கு எதையும் மாற்றி எழுதவேண்டியதில்லை.

ஆகவே என் தெரிவு இது: பாடகர்கள் கையில் தமிழ்ச் சுரத்தாள், நெறியாளரும் கீபோட் வாசிப்பவரும் குரலுக்கு ஒருவராக நான்கு முன்னோடிகளும் ஐங்கோட்டைக் கற்றிருத்தல், குரற்பதிவு பாடம் படிந்த பிறகு, உச்சரிப்புக்காக மட்டும். ஐங்கோட்டிலிருந்து சுரத்துக்கு மாற்றி எழுதும் உழைப்பு நெறியாளர் தலையில்தான் விழும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கரோலுக்கு ஒரு முழு மாலை போய்விடும். மேலைத்தேய சங்கீதம் பாடமாகக் கற்பிக்கப்படும் பாடசாலையில், பத்து வயதில் தொடங்கும் பிள்ளைகளுக்கு, நான் தயங்காமல் ஐங்கோட்டையே சொல்வேன். அவர்களிடம் ஆண்டுகள் இருக்கின்றன. ஆர்மோனியமும் மிருதங்கமுமாக ஒரே குரலில் கீர்த்தனை பாடும் எட்டுப் பேர் கொண்ட கிராமத்துச் சிற்றாலயக் குழுவுக்குச் செவியே போதும். அங்கே தாளைக் கொண்டுபோவது வீண் ஆடம்பரம்.

கீர்த்தனைக்கு ஹார்மனி சேர்க்கலாமா என்ற விவாதத்தில் சுரத்தாள் ஓர் உதவியும் செய்கிறது. சென்னையில் இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீநிவாசன் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழு, தமிழ்ப் பாட்டைப் பல குரலில் பாடுவது தேவாலயத்துக்கு வெளியிலும் இயலும் என்று காட்டியது. ஆனால் எல்லா இராகமும் இடங்கொடுக்காது. மோகனமும் சங்கராபரணமும் கீரவாணியும் அடுக்கைத் தாங்கும். தோடியின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தினால் தோடி இல்லை. நான்கு வரிச் சுரத்தாளை எழுதிப் பார்க்கும்போதே, எந்த வரி இராகத்தை மீறுகிறது என்பது வித்துவான் ஒருவருக்கும் ஓர்கன் வாசிப்பவருக்கும் ஒரே தாளில் தெரிந்துவிடும். இருவரும் ஒரே மொழியில் சண்டை பிடிக்கலாம்.

இந்த வழியைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர் மார்கழியில் தொடங்கவேண்டாம். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த ஓய்வான வாரங்களில், வைகாசி அளவில், பாடல் எதுவும் இல்லாமல் தொடங்கட்டும். முதல் மாலைக்கு ஒரு கரும்பலகையும் சுருதிப்பெட்டியும் போதும். பலகையில் ச, ப, க, மேல் ச என்று கீழிருந்து மேலாக நான்கு எழுத்தை எழுதி, கீபோட்டின் மின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேஸ் முதலில் பாட, ஒவ்வொரு குரலாக அதன்மேல் ஏறட்டும்.